காட்டிக் கொடுத்தல்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
காரின் பின்பெட்டியில் என் சீதனம்:
எந்த வாயும் எந்த வாலோடும் சேராத காலத்துக்கான
பதினான்கு இணைப்பு வயர்கள்,
ஒரு பெட்டி பேட்டரி.
மூஸ் ஜா நகரில் பள்ளி பள்ளியாகப் போகிறேன்.
ஆசிரியர்களுக்குக் கணினி காட்டிக் கொடுப்பது வேலை.
அண்ணனிடம் அப்படித்தான் தொலைபேசியில் சொன்னேன்.
ஒரு கணம் பேசாமல் இருந்தான்.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு
ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள்.

எனக்கு நானே போட்ட விதி ஒன்றுதான்:
மவுஸில் கை வைக்காதே.
அவர்கள் தேடட்டும்.
தவறான மூலையில் மூன்று நிமிடம் நிற்கட்டும்.
நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டு
சாவிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.
வீட்டுச் சாவி, கார்ச் சாவி,
எதற்கென்று மறந்துபோன சாவி.

லொரெயின் கோவல்சக், ஆறாம் வகுப்பு.
முப்பத்திரண்டு வருட வெண்கட்டி.
முதல் நாளே சொன்னாள்:
"உன்னைப் பிடிக்கிறது. நீ கொண்டுவருவதைத்தான் பிடிக்கவில்லை."
கடவுச்சொல்லைப் பச்சை மையில் எழுதி
இழுப்பறையின் உட்புறம் ஒட்டியிருந்தாள்.
நான் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டேன்.

நவம்பரில் தானாக ஒரு வினாடி வினா செய்தாள்.
பிள்ளைகள் பொய்ப் பெயர்களில் நுழைந்தார்கள்.
'உருளைக்கிழங்கு' முதலிடம்.
யார் அந்தக் கிழங்கென்று கண்டுபிடித்து
வீட்டுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பினாள்,
தாளில், தபால்தலை ஒட்டி.

ஜனவரி, செவ்வாய், இரண்டாம் பாடம்.
நதிகளின் வரைபடம் காட்ட வேண்டும்.
திரையைப் பகிர்ந்தாள்.
வரைபடம் வரவில்லை.
வந்தது முந்தைய இரவின் தேடல்,
சுவர் முழுக்க, எழுத்தொன்று பூசணிக்காய் அளவு:

கணவர் என் பெயரை மாற்றிச் சொன்னால்
திருத்தலாமா

இருபத்தாறு பிள்ளைகள்.
சத்தமில்லாமல் வாசிக்கப் பழக்கியவள் அவள்தான்.
பழகியிருந்தார்கள்.

அவள் கையில் மவுஸ் இருந்தது.
அம்புக்குறி இல்லை.
இரண்டு திரைகளில் எதில் அது தொலைந்ததென்று
அவளுக்குத் தெரியவில்லை.
இரண்டு திரைகள் போட்டுத் தந்தது நான்,
வசதிக்காக.

என் கை பைக்குள். சாவிகள் ஈரம்.
விதி என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.
உண்மையில் எனக்குக் கால் நகரவில்லை.

முன்வரிசையில் ப்ரின்லி என்றொருத்தி,
எப்போதும் மூக்கடைப்பு,
எழுந்து, தள்ளுவண்டியில் இருந்த ப்ரொஜெக்டரின் முன்னால்
போய் நின்றாள். அவ்வளவுதான்.
வாக்கியம் சிறுத்து அவள் ஹாக்கிச் சட்டையில் விழுந்தது.
'பெயரை' தோளில் மடிந்தது.
'திருத்தலாமா' பின்னலுக்குள் போய்விட்டது.
சுவரில் ஒரு பிள்ளையின் நிழல், பெரிதாக.

"மிஸ், நதி எங்கே?"
பின்னாலிருந்து ஒரு பையன்,
ஒன்றும் நடக்காததுபோல.

மதியம், சாண்ட்விச்சைப் பிரிக்காமல் அவள் இருக்க,
ரிமோட்டில் ஒரு பொத்தானைக் காட்டினேன்.
பனிச்சில்லு படம் போட்டது.
"இதை அழுத்தினால் சுவரில் உள்ளது அப்படியே உறையும்.
நீங்கள் கணினியில் எதையும் திறக்கலாம்.
யாருக்கும் தெரியாது."
செப்டம்பரிலேயே காட்டியிருக்க வேண்டியது.
அன்று எனக்கு அது சின்ன விஷயம்.

"வெளியே இருக்கிற குளிர் போதாதா" என்றாள்.
அழுத்திப் பார்த்தாள். விடுவித்தாள்.
மறுபடி அழுத்தினாள்.
பிறகு, சுவரைப் பார்த்தபடி:
"என்ன பதில் வந்ததென்று கேட்கமாட்டாயா?"
கேட்டேன்.
"பதினான்கு லட்சம் பதில்கள்.
ஒன்றையும் திறக்கவில்லை. தூங்கிவிட்டேன்."

காருக்குள் உட்கார்ந்து அறிக்கைப் படிவத்தைத் திறந்தேன்.
இன்று வழங்கிய பயிற்சி:
ஒரு பொத்தான்.
இருபது எழுத்தாவது வேண்டும் என்றது படிவம்.
எஞ்சின் சூடாகும்வரை
யோசித்துக்கொண்டிருந்தேன்.